நூறு பேர் வகுப்பும் முதல் அஞ்சு நிமிடமும்

சேலத்தில் பி.காம் முதலாண்டுக்கு அக்கவுண்டன்சி எடுக்கிறேன். இரண்டு பிரிவையும் சேர்த்து உட்கார வைத்தால் நூறு பேருக்கு மேல். மின்விசிறிச் சத்தம் வேறு. இதில் தொண்டையை நம்பினால் அவ்வளவுதான். நாம் கத்தக் கத்த அவர்களும் குரலை ஏற்றுவார்கள்.

கவனித்துப் பார்த்தால் சத்தம் ஆரம்பிப்பது அட்டென்டன்ஸ் எடுக்கும்போதுதான். பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். எடுக்காமலும் விட முடியாது, 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பையன் கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கட்டணம், கட்ட வேண்டும். தாளைச் சுற்றுக்கு விட்டால் வராதவனுக்கும் கையெழுத்து விழுந்துவிடும்.

அதனால் இப்போது நுழைந்ததுமே போர்டில் ஒரு சின்னக் கணக்கு. இயந்திரம் 60,000 ரூபாய், கடைசியில் விற்றால் 10,000, ஆயுள் 5 வருடம், ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு? அரைத்தாளில் போட்டு, பதிவெண் எழுதிக் கொடுத்தால் அதுதான் வருகை. ப்ராக்ஸி, அதாவது வராதவனுக்காக இன்னொருவன் வருகை போடுவது, அடியோடு ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் இரண்டு தாளில் ஒரே கையெழுத்து, இரண்டிலும் விற்கும் விலை 10,000-ஐக் கழிக்காமல் 60,000-ஐ அப்படியே ஐந்தால் வகுத்து, அதே தப்பான 12,000. எழுதியவனை போர்டுக்குக் கூப்பிட்டு, “உனக்கும் உன் சிநேகிதனுக்கும் சேர்த்து ஒருதடவை போடுப்பா” என்றேன். வகுப்பே சிரித்தது, அவனும்தான்.

தூங்குகிறவர்களை நான் எழுப்புவதில்லை. இதில் சக ஆசிரியர்களுக்கு வருத்தம் உண்டு. சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் ராத்திரி வேலை முடித்து வருகிற பையன்கள் இருக்கிறார்கள், விரல் நுனியில் கொலுசைப் பற்றவைக்கும்போது பட்ட சூட்டுத் தழும்போடு. தீபாவளி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். தூங்குகிறவனால் யாருக்கும் தொந்தரவில்லை. பெஞ்சுக்கு அடியில் ரீல்ஸ் பார்க்கிறவன்தான் பக்கத்தில் நாலு பேரை இழுத்துக்கொள்வான். அவன் அருகே போய் நின்று அங்கிருந்தே பாடத்தைத் தொடருவேன். பேர் சொல்லி அதட்டவே தேவையிருக்காது.

* * *

சார், நானும் ஆசிரியைதான். நீங்கள் எழுதியதில் மற்றதெல்லாம் சரி, அந்த முதல் அஞ்சு நிமிடக் கணக்கு மட்டும் எனக்கு ஒத்துவராது. ஏற்காட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 20 கொண்டை ஊசி வளைவு, மூடுபனி இறங்கிவிட்டால் பஸ் ஊர்ந்துதான் வரும். என் வகுப்பில் பின்கதவு திறந்தே இருக்கும், அனுமதி கேட்காமல் வந்து உட்காரலாம். ஒவ்வொருவரும் வாசலில் நின்று “மே ஐ கமின் மேம்” என்றால் அத்தனை தடவை பாடம் அறுந்துபோகிறதே. கணக்கைக் கடைசி அஞ்சு நிமிடத்தில் கொடுக்கிறேன். பெல் அடிக்கும் முன்பே பையை மூட்டை கட்டுகிற கூட்டமும் அதில் அடங்கிவிடுகிறது.