புதுப்பிப்பு: அண்ணனின் கொழுப்புக் கல்லீரல், சி.ஆர்.பி. முடிவு வந்துவிட்டது

பினாங்கில் இருக்கும் என் அண்ணனுக்கு ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் தெரிந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தும் டாக்டர் எச்.எஸ்.சி.ஆர்.பி. (சி.ஆர்.பி. என்ற புரதத்தை அளந்து உடலில் அழற்சி, அதாவது உள்வீக்கம், இருக்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) ஏன் எழுதினார் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சி.ஆர்.பி. லிட்டருக்கு 4.1 மில்லிகிராம், மூன்றைத் தாண்டினாலே அதிகம். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 5.9 விழுக்காடு. மலேசிய வழிகாட்டியில் 5.7 முதல் 6.2 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.3 வந்தால் நீரிழிவு.

சி.ஆர்.பி.யைச் சுரப்பதே கல்லீரல்தானாம். கொழுப்பு மிகுந்த உடலில் ஐ.எல்.-6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன. அவை இருக்கும்வரை இன்சுலினின் பேச்சைச் செல்கள் சரியாகக் கேட்பதில்லை. கல்லீரலும் தேவையில்லாத நேரத்தில் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. ஆனால் சளிக்காய்ச்சலோ ஈறு வீக்கமோகூட சி.ஆர்.பி.யை ஏற்றிவிடும். அதனால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

இப்போதைக்கு மருந்து இல்லை. எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் அழற்சியே தணியுமாம். அண்ணன் குண்டு இல்லை, தொப்பை மட்டும்தான். நம் ஆள்களில் பலருக்கு இப்படித்தான், கவனமாக இருங்கள். தே தாரேக் (இனிப்பான பால் தேநீர்) போய் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) வந்துவிட்டது. மாலையில் அண்ணியோடு தண்ணீர்மலைப் பக்கம் நடக்கிறார். நாசி கண்டாரை (பலவகைக் கறிக்குழம்பு ஊற்றிய சோறு) விடுவதுதான் இன்னும் பெரும்பாடு.