களிமண்ணில் ஜியாகோமெட்டி: காய்ந்தால் கால் ஒடிகிறது, என்ன செய்யலாம்?

ஓவிய டீச்சர், அயனாவரம்:

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் கிடைக்கிறது, கணக்கு ஆசிரியர் கடன் கேட்காத வாரங்களில். நவீனச் சிற்பிகளின் வேலைகளைப் பார்த்து மாணவர்கள் களிமண்ணில் மனித உருவம் செய்ய வேண்டும் என்பது இந்தப் பருவத்துக்கான திட்டம். ஹென்றி மூர், ஜியாகோமெட்டி, பார்பரா ஹெப்வர்த் மூவரின் சிற்பப் படங்களையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

ஹெப்வர்த்தை ஒருவரும் சீண்டவில்லை. மூரின் சாய்ந்து படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். ஜியாகோமெட்டி பக்கம் மொத்த வகுப்பும் சாய்ந்துவிட்டது. குச்சிபோல் மெலிந்த அந்த நடக்கும் மனிதனைக் காட்டி, "இவர் சத்துணவு வரிசையில் நின்று, சோறு தீர்ந்துபோனதால் திரும்பிப் போகிறார் மிஸ்" என்று ஒரு பையன் சொன்னான். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

கட்டுக்கம்பியை முறுக்கிச் சட்டம் செய்து, அதன்மேல் மண்ணை அப்பினார்கள். ஈரமாக இருக்கும்வரை அற்புதமாக இருந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் முழங்கால், கணுக்கால், கழுத்து எல்லா இடத்திலும் வெடிப்பு. சிலவற்றில் மண் முழுவதும் உதிர்ந்து கம்பி மட்டும் நிற்கிறது. (அதுவும் ஜியாகோமெட்டி மாதிரிதான் இருக்கிறது என்று என் கணவர் சொன்னார். அவரை விட்டுவிடுங்கள்.)

மண் கொசப்பேட்டையில் வாங்கியது, நன்றாகத்தான் பிசைந்தோம். பள்ளியில் சூளை கிடையாது. பிப்ரவரியில் ஆண்டு விழா. "மேசைமேல் வைக்கிற மாதிரி ஏதாவது வேண்டும்" என்கிறார் தலைமையாசிரியை. மண்ணில் பசை கலக்கலாமா? கடையில் விற்கும் தானே காயும் மண்ணுக்கு மாறலாமா? இல்லை, சிற்பியையே மாற்ற வேண்டுமா?

கொசப்பேட்டை மண்:

டீச்சர், பசை வேண்டாம். மண்ணில் சலித்த மணல் சேருங்கள், மண் ஐந்து பங்குக்கு மணல் ஒரு பங்கு. வெறும் ஏரி மண் கொழுப்பு மண், வெடிக்கத்தான் செய்யும். கம்பியை அப்படியே விடாமல் சணலைச் சுற்றிவிட்டு அதன்மேல் மண் வையுங்கள். மண் சுருங்கும்போது சணல் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். மின்விசிறிக்குக் கீழே காயவைத்தீர்களா? அதுதான் பாதி வினை. விசிறி பக்கம் இருக்கும் முகம் காய்ந்து இழுக்கும், முதுகு ஈரமாகவே இருக்கும். ஈரத்துணி போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மூடி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் எங்கள் வீட்டில் விசிறியே ஓடாது. வியர்வையில்தான் வேலை.

பெரியமேட்டுப் பழைய மாணவன்:

தம்பி சொன்ன மணலும் சணலும் சரி. ஆனால் அவை வெடிப்பைக் குறைக்கும், நிறுத்தாது. பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள உருவம் காய்வதற்குள் அரை சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். உள்ளே இருக்கும் கம்பி மயிரிழைகூடச் சுருங்காது. அப்புறம் மண் எங்கே போகும்? மெலிந்த இடத்தில் பிளக்கும். கால்தான் மெலிந்த இடம்.

படத்தில் உங்கள் பிள்ளைகள் பார்த்தது வெண்கலம், அம்மா. ஜியாகோமெட்டியும் கம்பிச் சட்டத்தின்மேல் களிமண்ணைத்தான் அப்பினார். ஆனால் அந்த மண்ணை அவர் காயவிடவே இல்லை. ஈரத்துணி சுற்றி வைப்பார், மறுநாள் அவிழ்ப்பார், கிள்ளுவார், மீண்டும் சேர்ப்பார், சில நாள் மொத்தத்தையும் இடித்துவிடுவார். ஒரு கட்டத்தில் அவர் தம்பி தியேகோ அதற்குப் பிளாஸ்டர் அச்செடுப்பார், பிறகு அது வார்ப்படச் சாலைக்குப் போகும். 1960-இல் செய்த நடக்கும் மனிதன் ஆறடி உயரம். அந்தக் கால்களுக்கு அந்த அளவில் நிற்கும் வலு வெண்கலத்தால் வந்தது. களிமண் அவருக்கு யோசிக்கிற பொருள், வைத்துக்கொள்கிற பொருள் அல்ல.

இதை மாணவர்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். "நீ செய்யப்போவது நிற்க வேண்டிய உருவமா, மண் தொட்டிக்குத் திரும்பப் போகிற உருவமா?" என்று ஒவ்வொருவரையும் ஆரம்பத்திலேயே தீர்மானிக்கச் சொல்லுங்கள். திரும்பப் போகிறது என்றால் கம்பி வைத்துக்கொள்ளட்டும், எவ்வளவு மெலிதாக வேண்டுமானாலும் போகட்டும், ஈரம் இருக்கும்போதே சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டுக் கம்பியை உருவிக்கொள்ளலாம். நிற்க வேண்டும் என்றால் கம்பியே கூடாது. மண்ணின் பேச்சைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

அப்படி மண்ணுக்கு ஏற்றவர் நீங்கள் ஒதுக்கிவைத்த மூர்தான். சாய்ந்து படுத்த உருவம் முழங்கை, இடுப்பு, பாதம் என்று பல இடத்தில் தரையைத் தொடுகிறது. ஒடிய இடமில்லை. நடுவில் ஓட்டை போட்டால் கனம் குறைந்து உள்ளும் புறமும் சேர்ந்து காய்கிறது. அவர் அந்தப் படுக்கையை எங்கிருந்து பிடித்தார் தெரியுமா? மெக்சிகோவின் பழைய சாக்மூல் சிலை ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பைப் பாரிஸில் பார்த்தார். மல்லாந்து, முழங்கால் மடித்து, தலையைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பிய கல் உருவம். 1929-இல் அவர் செதுக்கிய கல் பெண்ணில் அந்தத் திருப்பம் அப்படியே இருக்கிறது. பெரிய சிலைகளுக்கும் முதலில் உள்ளங்கையில் அடங்கும் மாதிரி ஒன்றைச் செய்துகொள்வார். கூழாங்கல், எலும்பு, சிப்பி என்று பொறுக்கி வைத்திருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதிலிருந்து தோளையும் இடுப்பையும் கண்டெடுப்பார்.

ஆகவே மூரின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகளை ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள்: சங்கு, கூழாங்கல், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கிடந்த மூட்டு எலும்பைக் கழுவிக் காயவைத்தது. எலும்புக்குத் தலைமையாசிரியை முகம் சுளித்தால் மாங்கொட்டை. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் மண்ணில் செய்யட்டும். படத்தைப் பார்த்துச் செய்தால் முப்பது கோணல் மூர்கள் கிடைக்கும். எலும்பைப் பார்த்துச் செய்தால் முப்பது வேறு வேறு உடம்புகள் கிடைக்கும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

ஐயாவுக்கு ஒரு கேள்வி. குழந்தை ஆசையாகச் செய்ததை "படம் எடுத்துவிட்டுத் தொட்டியில் போடு" என்பது எப்படி? என் மகள் மூன்றாம் வகுப்பில் செய்த யானை இன்னும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. துதிக்கை இல்லை, இருந்தாலும் இருக்கிறது. பெரிய சிற்பி இடித்துத் தள்ளுவார், அவரிடம் வெண்கலம் இருந்தது. இந்தப் பிள்ளைகளிடம் அது மட்டும்தான் இருக்கிறது.

ஓவிய டீச்சர், அயனாவரம்:

அம்மா கேட்பதுதான் எனக்கும் உறுத்துகிறது. ஐயா சொன்ன மூர் விஷயத்தை நேற்றே முயன்று பார்த்தேன், எலும்போடுதான். வகுப்பு அமைதியானது. எங்கள் பள்ளியில் இது செய்தி. ஆனால் "நடக்கிறவர் வேண்டும் மிஸ்" என்று பின்வரிசை விடுவதாக இல்லை. நிற்கிற உருவம், கம்பி இல்லாமல், வீட்டுக்கு எடுத்துப் போகிற மாதிரி, ஜியாகோமெட்டி. வழி உண்டா?

பெரியமேட்டுப் பழைய மாணவன்:

யானை அம்மாவுக்கு: துதிக்கை போன யானையை நானும் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். முதலிலேயே பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் சொன்னேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை வேறு. திரும்பப் போகிற உருவம் என்று தெரிந்தால் அவன் கை துணிகிறது. நிற்க வேண்டும் என்றால் நான்கு முறை தடவித் தடவி வழவழப்பாக்கி, கடைசியில் சோப்புக்கட்டி ஆக்கிவிடுகிறான். இரண்டும் அவனுக்குத் தெரிய வேண்டும்.

டீச்சருக்கு: வழி உண்டு, ஜியாகோமெட்டியிடமே உண்டு. போர்க்காலத்தில் அவர் ஜெனீவாவில் இருந்தபோது, உருவங்கள் செய்யச் செய்யச் சிறுத்துக்கொண்டே போயின. தீப்பெட்டியில் போட்டுப் பாரிஸுக்கு எடுத்துவந்ததாகச் சொல்வார்கள். அந்தச் சிற்றுருவங்களில் பலவற்றுக்கு அடியில் பெரிய பீடம் இருக்கும். ஆள் விரல்நுனி அளவு, பீடம் அவனைப்போல் பல மடங்கு. பார்க்கிறவருக்கு அந்த ஆள் வெகு தொலைவில் நிற்பதாகத் தோன்றும். அவர் தேடியதும் அந்தத் தொலைவைத்தான்.

பிள்ளைகளை முதலில் மாடி வராந்தாவில் நிறுத்துங்கள். தெருமுனையில் வருகிற ஒருவரை, கையை நீட்டிக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவில்தான் ஆளைச் செய்ய வேண்டும். முகம் கூடாது, விரல் கூடாது. அந்தத் தூரத்தில் அவை தெரியாது அல்லவா? நடையும் சாய்வும் மட்டும். பீடத்தையும் ஆளையும் தனித்தனியாகச் செய்து ஒட்டாமல், ஒரே மண்கட்டியிலிருந்து ஆளை மேலே இழுத்தெடுக்கட்டும். கணுக்காலில் ஒட்டு இல்லை என்றால் வெடிப்பும் குறைவு. இரண்டு கால்களுக்கு இடையே மெல்லிய மண் திரை விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பீடம் பாதி காய்ந்ததும் அடியிலிருந்து கரண்டிக் காம்பால் குடைந்துவிட வேண்டும், சுவர் விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கும்.

இன்னொன்று. உழைப்பாளர் சிலையை உங்கள் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பார்கள், நின்று பார்த்திருக்க மாட்டார்கள். 1959-இல் மெரினாவில் வைத்தது. செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நான் படித்த கலைக் கல்லூரியில் 1929 முதல் 1957 வரை முதல்வராக இருந்தவர், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். அவர் மல்யுத்தமும் பழகியவர், அது அந்த முதுகுகளில் தெரியும். நான்கு பேர், ஒரு பாறை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் நான்கு உடம்பின் பாரமும் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரியும். பள்ளி கூட்டிப்போகாது என்றால் வகுப்பில் இரண்டு பேரை இரும்பு அலமாரியைத் தள்ளச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் குதிகால் முதல் உச்சந்தலை வரை ஒரே கோட்டில் வரையட்டும். அந்தக் கோடு கிடைத்த பிறகே மண்ணைத் தொட வேண்டும். கோடு இல்லாத உருவம் மெலிந்தாலும் ஜியாகோமெட்டி ஆகாது, வெறும் மெலிவுதான்.

ஹெப்வர்த்தை ஒதுக்கியது பற்றிக் கவலை வேண்டாம். அவர் பெரும்பாலும் மரத்தையும் கல்லையும் செதுக்கியவர், உங்கள் வகுப்புக்கு இடைஞ்சல். அந்த இடத்தில் நம் சென்னைச் சிற்பி பி.வி. ஜானகிராமை ஒட்டுங்கள். செப்புத் தகட்டை அடித்து, அதன்மேல் கம்பியைப் பற்றவைத்துக் கண்ணும் நகையும் போட்டவர், எல்லாம் முன்பக்கம் நின்று பார்க்கிற மாதிரி. பூரிக்கட்டையால் மண்ணைத் தகடாகத் தேய்த்து, திரித்த மண் இழைகளைக் கீறி, மண்கூழ் தடவி ஒட்டினால் அது அப்படியே வரும். கை நடுங்குகிற, "எனக்கு வராது சார்" என்கிற பிள்ளைக்கு இது தைரியம் கொடுக்கும். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனால் சென்னைச் சிற்பிகளின் வேலைகளை நேரில் பார்க்கலாம்.

ஓவிய டீச்சர், அயனாவரம்:

தீப்பெட்டி யோசனை பின்வரிசைக்குப் பிடித்துவிட்டது. வராந்தாவிலிருந்து அளந்த முதல் ஆளே எங்கள் கணக்கு ஆசிரியர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரையே ஏழெட்டுப் பேர் செய்கிறார்கள். அவருக்கு இன்னும் தெரியாது. ஆண்டு விழா மேசையில் தெரிந்துகொள்ளட்டும், எனக்குக் கடன்பட்ட வகுப்புகளுக்கு ஈடு.

அம்மாவுக்காக ஒரு ஏற்பாடு: நிற்கிற உருவம் ஒன்று ஒவ்வொருவருக்கும் கட்டாயம், அதற்கு முன் தொட்டிக்குப் போகிற உருவங்கள் எத்தனை வேண்டுமானாலும். இனிச் சுடுவதுதான் பாக்கி. சுடாமல் அப்படியே வைத்தால் ஆண்டு விழாக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கை பட்டாலே போதும்.

கொசப்பேட்டை மண்:

டீச்சர், திருவள்ளூர் பக்கத்தில் எங்கள் சித்தப்பா சூளை வைத்திருக்கிறார். பொங்கல் பானைக்காக மார்கழி முழுவதும் எரியும். பானைகளுக்கு நடுவில் உங்கள் சின்ன ஆட்களை வைக்க இடம் இருக்கும், கேட்டுவிட்டேன். மூன்று விஷயம் மட்டும். கம்பி, ஆணி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. சணல் சுற்றியது இருந்தால் அதையும் தனியாக வைத்துவிடுங்கள், அது கம்பி வைத்த உருவம் அல்லவா. மண் முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் சூட்டில் ஆவியாகி உருவத்தை வெடிக்கவைக்கும், பக்கத்தில் இருக்கும் பானையையும் சேர்த்து உடைக்கும், அப்புறம் சித்தப்பா என்னோடு பேச மாட்டார்.

மழை விடாமல் பெய்கிறது, ஆகவே மாணவர்களை இந்த வாரமே முடிக்கச் சொல்லுங்கள். இந்த ஈரக் காற்றில் காய்வதற்கு வழக்கத்தைவிட இரண்டு பங்கு நாள் ஆகும். அடியில் ஒவ்வொருவர் பெயரும் ஆணியால் கீறியிருக்கட்டும். மையால் எழுதினால் நெருப்பில் போய்விடும்.