ஏ320 எஃப்.ஓ.வாகச் சிகாகோவில் 40%, கேப்டனாக நியூவார்க்கில் 96%: எடுக்கலாமா?

வலது இருக்கை:

அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனம் ஒன்றில் ஏர்பஸ் ஏ320 எஃப்.ஓ. (துணை விமானி), ஏழாம் ஆண்டு. பேஸ் (பணி தொடங்கும் ஊர்) சிகாகோ, வீடும் சிகாகோவில்தான். எஃப்.ஓ. சீனியாரிட்டிப் பட்டியலில் மேலிருந்து 40 விழுக்காட்டில் இருப்பதால் லைன் (முன்கூட்டியே தெரியும் மாத அட்டவணை) உறுதி, வார இறுதியும் பெரும்பாலும் கிடைக்கிறது. இந்த பிட்டில் (சீனியாரிட்டி வரிசைப்படி இடம் கேட்கும் சுற்று) நியூவார்க் ஏ320 கேப்டன் இடம் என் சீனியாரிட்டி எண் வரை இறங்கும் போலத் தெரிகிறது. ஆனால் அங்கே 96 விழுக்காடு, அதாவது முழுநேர ரிசர்வ்: லைன் இல்லாமல், கூப்பிட்டால் போகக் காத்திருப்பது. சிகாகோ கேப்டன் இடங்கள் போன பிட்டில் என் எண்ணுக்கு 350 எண் முன்னாலேயே தீர்ந்துவிட்டன.

சம்பளத்தை உருட்டிச் சொன்னால் இப்போது மணிக்கு 215 டாலர், கேப்டனானால் 315. ரிசர்வில் உத்தரவாதமான சம்பளம் மாதத்துக்கு 73 மணிக்கு. சீட் லாக் (வேறு இருக்கைக்கு மாற முடியாத காலம்) 24 மாதம். என் கேள்விகள்: அந்த 96 எவ்வளவு வேகத்தில் இறங்கும்? பணம் அந்தச் சிரமத்துக்கு ஈடாகுமா? இப்போது விட்டால் பின்னால் ஏதாவது இழப்பேனா?

கிராஸ்விண்ட்:

கடைசிக் கேள்விக்குப் பதில் எளிது: இழக்கமாட்டீர்கள். உங்கள் சிஸ்டம் எண் (நிறுவனம் முழுமைக்குமான சீனியாரிட்டி எண்) இருக்கை மாறினாலும் மாறாது. இன்று விட்ட இடத்தை அடுத்த பிட்டில் அதே எண்ணை வைத்துக் கேட்கலாம், அப்போது இடம் இருந்தால்.

முதல் கேள்விதான் சிக்கல். பலரும் 65 வயது ஓய்வுத் தேதிகளை எடுத்து வைத்து, வருடத்துக்கு இத்தனை பேர் கழிவார்கள், 96 இத்தனை மாதத்தில் 80 ஆகும் என்று விரிதாள் போடுகிறார்கள். அதில் விட்டுப்போவது உங்களைவிட சீனியராக இருந்தும் கேப்டன் ஆகாமல் எஃப்.ஓ.வாகவே இருப்பவர்கள். 2023-ல் யுனைடெட் அறிவித்த கேப்டன் இடங்களில் ஏறக்குறைய பாதி எடுக்க ஆளில்லாமல் கிடந்ததாகச் செய்தி வந்தது. ரிசர்வ் வாழ்க்கை வேண்டாம் என்று பல எஃப்.ஓ.க்கள் ஒதுங்கியதுதான் காரணம். அப்படி ஒதுங்கியவர்கள் எல்லா நிறுவனத்திலும் உண்டு. பிள்ளை கல்லூரிக்குப் போனதும், ஒப்பந்தத்தில் ரிசர்வ் விதி கொஞ்சம் தளர்ந்ததும், ஒருநாள் அவர்கள் கேப்டனுக்கு பிட் போடுவார்கள். போட்டால் நேராக உங்களுக்கு மேலே வந்து உட்காருவார்கள். 96-லிருந்து 97-க்குப் பின்னால் போவதும் நடக்கும்.

ஆகவே மூன்று எண்களை எடுங்கள். நியூவார்க் ஏ320 கேப்டன்களில் அடுத்த 36 மாதத்தில் 65 தொடுபவர்கள் எத்தனை பேர். அதே பேஸில் இன்னும் பெரிய (வைட்-பாடி) விமானங்களுக்கு ஏறிப்போகக்கூடிய எண் உள்ளவர்கள் எத்தனை பேர். உங்களுக்கு மேலே எஃப்.ஓ.வாகவே தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர். முதல் இரண்டும் உங்களை மேலே தள்ளும், மூன்றாவது கீழே இழுக்கும். அதோடு கடந்த 12 மாத லைன் பிட் (மாத அட்டவணை கேட்பது) முடிவுகளில், லைன் கிடைத்த கடைசி கேப்டனின் எண் மாதாமாதம் எப்படி நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். விழுக்காட்டைவிட அதை நம்பலாம்.

ஓய்வு வயதைக் கல்வெட்டாக நினைக்கவும் வேண்டாம். 2007 டிசம்பரில் 60-ஐ 65 ஆக்கியதும் ஐந்தாண்டுக்கு ஓய்வு ஏறக்குறைய நின்றுபோனது. 2008 மந்தமும் சேர்ந்து எல்லார் விரிதாளும் குப்பைக்குப் போயிற்று. 2024 அமெரிக்க விமானத்துறைச் சட்டத்தில் 67 ஆக்கும் முயற்சி தோற்றது. அந்தப் பேச்சு திரும்ப வராது என்று யார் சொல்வது?

ஷார்ட்கால்:

பணக் கணக்கு போட்டுடலாம். கேப்டன் ரிசர்வ்: 73 × 315 = 22,995. நீங்க இப்ப 82 மணி லைன் ஓட்டுறதா வெச்சுக்கிட்டா 82 × 215 = 17,630. மாசம் 5,365 வித்தியாசம், வருஷத்துக்கு 64,000-க்குக் கொஞ்சம் மேல. ஓய்வூதியத்துக்கு நிறுவனம் 17 விழுக்காடு போடுதுன்னா அதுல இன்னொரு 11,000 வாக்குல.

எஃப்.ஓ.க்கள் உடனே சொல்ற பதில்: மாசம் ஒரு பிரீமியம் டிரிப் எடுத்தா போதுமே. 16 மணி டிரிப், இரட்டைச் சம்பளம்னா 6,880. சரிதான், கேப்டனைத் தாண்டிடுது. ஆனா அது லீவு நாள்ல மூணு நாள் கூடுதலா வேலை செஞ்சு வர்ற காசு. ரிசர்வ் கேப்டனுக்கும் லீவு நாள்ல பிரீமியம் எடுக்க வழி இருக்கு, அப்ப அவரோட ரேட் 315. ஒருத்தரோட ஓவர்டைமை இன்னொருத்தரோட அடிப்படையோட ஒப்பிடுறது நியாயமில்ல.

உங்க விஷயத்துல முடிவு பண்றது சம்பளம் இல்ல, கம்யூட், அதாவது வேற ஊர்ல இருந்து பேஸுக்குப் போய் வர்றது. ஷார்ட் கால் ரிசர்வ்னா கூப்பிட்ட ரெண்டு மூணு மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும், சிகாகோவுல இருந்து அது நடக்காது. பார்ட் 117 (விமானிகளோட வேலை நேர, ஓய்வு விதி) படி ரிசர்வ் காத்திருப்பு 14 மணி நேரம் வரைக்கும் போகலாம். காத்திருப்பும் அதுக்கப்புறம் வர்ற ட்யூட்டியும் சேர்த்து 16 மணியைத் தாண்டக்கூடாது, விதியில இருக்கற அட்டவணைப்படி அதைவிடக் குறைவாவும் முடியலாம். காலை ஆறு மணிக்கு காத்திருப்பு ஆரம்பிச்சா முந்தின ராத்திரியே நியூவார்க்ல இருக்கணும். மாசத்துல 18 ரிசர்வ் நாள் நாலு கட்டமா வந்தா, போறதுக்கு நாலு ராத்திரி போச்சு. கடைசி நாள் லேட்டா விடுவிச்சா திரும்பி வர இன்னும் நாலு. 12 நாள் லீவுன்னு காகிதத்துல இருக்கும், வீட்ல நீங்க இருக்கறது ஏழு எட்டு நாள். அதுக்கு மேல கிராஷ்பேட் (பேஸ்ல விமானிகள் பகிர்ந்து தங்குற இடம்) வாடகை.

லாங் கால் (முன்கூட்டியே நேரம் கொடுத்துக் கூப்பிடுற ரிசர்வ்) எத்தனை, ஜூனியருக்கு அது கிடைக்குமான்னு நியூவார்க் கேப்டன் யாரையாவது கேளுங்க. லாங் கால்ல வேலைக்கு முன்னாடி குறைஞ்சது 10 மணி நேர ஓய்வு கிடைக்கிற மாதிரி கூப்பிடணும், அதனால சிகாகோவுல இருந்தே சமாளிக்கலாம். ஆனா அது பெரும்பாலும் சீனியர் ஆளுங்க பிடிச்சு வெச்சிருப்பாங்க.

வீடு நியூஜெர்சியில இருந்திருந்தா யோசிக்காம எடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.

செக்ஏர்மேன்:

இரண்டு பேரும் பட்டியலையும் பணத்தையும் பேசிவிட்டார்கள். இருக்கையைப் பற்றியும் பேச வேண்டும்.

பார்ட் 121-ல் (பெரிய விமான நிறுவனங்களுக்கான விதி) கேப்டனாக 1,000 மணி முன்னனுபவம் வேண்டும் என்ற விதியை ஏழு வருடத்தில் நீங்கள் எப்போதோ தாண்டியிருப்பீர்கள். அதே வகை விமானத்தில் இடப்பக்கம் போவது நல்லது: புது வகையோடு புது இருக்கையையும் ஒன்றாகக் கற்கும் சுமை இல்லை. சைட்ஸ்டிக் (பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டுக் குச்சி) இடது கைக்கு மாறுவது சில சிமுலேட்டர் அமர்வுகளில் பழகிவிடும். அப்கிரேடில் ஆள் தடுமாறுவது கையில் அல்ல. எம்.இ.எல். பொருள் (பழுதாக இருந்தும் பறக்க அனுமதிக்கப்பட்ட கருவி) ஒன்றோடு, டிஸ்பாட்சர் (தரையிலிருந்து பறப்பைத் திட்டமிடுபவர்) தந்த ரிலீஸோடு (பறப்பு அனுமதித் தாள்), குறைந்துகொண்டே வரும் எரிபொருளோடு, கதவடியில் நிற்கும் ஏஜென்ட்டோடு ஒரே நேரத்தில் வேலையை வரிசைப்படுத்தத் தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். இப்போதே ஒவ்வொரு ரிலீஸையும் கையெழுத்து உங்களுடையது போலப் படியுங்கள்: மாற்று விமான நிலையம் ஏன் அது, எந்த அளவில் எரிபொருள் இறங்கினால் திருப்புவேன், எம்.இ.எல்.-ல் ஆபரேஷன் நடைமுறை ஏதாவது இருக்கிறதா என்று.

பயிற்சி முடிந்ததும் லைன் செக் கேப்டனோடு (உங்களைச் சரிபார்க்கும் கேப்டன்) பொதுவாக 25 மணி பறக்க வேண்டும். முதல் முறை கேப்டனானால் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத்துறை ஒழுங்காணையம்) ஆய்வாளர் ஒரு லெக் (ஒரு பறப்பு) உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு அந்த வகையில் கேப்டனாக 100 மணி ஆகும்வரை உயர்த்திய மினிமம் (இறங்கத் தேவையான குறைந்தபட்ச உயரம், பார்வைத் தூரம்): சாதாரண ஐ.எல்.எஸ்.-இல் (கருவி வழி தரையிறக்கம்) 200 அடி, அரை மைல் என்பது உங்களுக்கு 300 அடி, ஒரு மைல். சில நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டு, உங்களுடையதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரிசர்வில் மாதம் 40 மணிதான் பறக்கிறீர்கள் என்றால் இந்த 100 மணி மூன்று மாதம் இழுக்கும். அது குளிர்காலமாக இருந்தால் நியூவார்க்கில் மேகம் தாழ்ந்த நாட்களில் பணி ஒதுக்குபவர்கள் உங்களை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

ஜூனியர் கேப்டனுக்குப் பக்கத்தில் அமர்வது பெரும்பாலும் ஜூனியர் எஃப்.ஓ. அவருக்கு அந்த வகையில் 100 மணி ஆகவில்லை என்றால், பார்வை முக்கால் மைல் அல்லது குறைவு, பக்கக்காற்று 15 நாட்ஸுக்கு (knots) மேல், ஓடுபாதையில் தண்ணீரோ பனியோ, பிரேக்கிங் "குட்" அல்லாதது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் டேக்-ஆஃபும் தரையிறக்கமும் நீங்கள்தான் செய்ய வேண்டும். 96 விழுக்காட்டில் இது அன்றாடம்.

இன்னொன்று: பயிற்சியில் தோற்றால் பழைய இருக்கைக்குத் திரும்புவது ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் அது பைலட் பதிவுத் தரவுத்தளத்தில் பதிவாகும். வீட்டில் பெரிய மாற்றம் நடக்கும் மாதத்தில் பயிற்சித் தேதியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வலது இருக்கை:

நன்றி. எண்களை எடுத்தேன். நியூவார்க் ஏ320 கேப்டன்கள் 410 பேர், 36 மாதத்தில் ஓய்வு 58. எனக்கு மேலே நியூவார்க்கில் எஃப்.ஓ.வாகத் தங்கியிருப்பவர்கள் 74. லைன் கிடைத்த கடைசி கேப்டன் 81 விழுக்காட்டில், ஒரு வருடமாக ஏறக்குறைய நகரவில்லை. லாங் கால் ஜூனியருக்குக் கிடைப்பதில்லையாம். நிறுவனம் ஃபர்லோ (ஆட்குறைப்பு விடுப்பு) அறிவித்தால் கேப்டன் இருக்கை காப்பாற்றுமா?

கிராஸ்விண்ட்:

காப்பாற்றாது. ஃபர்லோ சிஸ்டம் எண்ணின் வால்பக்கத்திலிருந்து போகும், இருக்கை பார்க்காது. நடுவில் கேப்டன் இடங்கள் குறைந்தால் நீங்கள் திரும்பவும் எஃப்.ஓ., அதுவும் எந்த பேஸ் என்பது அப்போதைய கதை. வேறு நிறுவனம் தேட நேர்ந்தால் மட்டும் கேப்டனாகப் பறந்த மணிகளுக்கு மதிப்பு உண்டு.

58 கழிவு, 74 வரக்கூடியவர்கள்: இந்த எண்களுக்கு 24 மாதம் முழுக்க ரிசர்வ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்டாண்டிங் பிட்டில் (நிலையாகப் பதிந்து வைக்கும் விருப்பப் பட்டியல்) சிகாகோ ஏ320 கேப்டனை மட்டும் வைத்துவிட்டு நியூவார்க்கை நீக்கிவிடுவேன். நியூவார்க் வழியாகச் சிகாகோவுக்குச் சீக்கிரம் வரலாம் என்று யாராவது சொன்னால் ஒப்பந்தத்தைப் படியுங்கள்: சீட் லாக் பொதுவாக இருக்கையையும் விமானத்தையும் பூட்டும், அதே இருக்கையில் பேஸ் மாற்றத்தைப் பல ஒப்பந்தங்கள் விட்டுவிடும். ஆனாலும் சிகாகோ கேப்டனுக்கு வேண்டிய எண் அதே எண்தான், நியூவார்க்கில் இருப்பதால் ஒரு படிகூடக் குறையாது. அந்த இடைவெளி 350-லிருந்து எவ்வளவாகிறது என்று ஒவ்வொரு பிட் முடிவிலும் பாருங்கள்.

ஷார்ட்கால்:

ஸ்டாண்டிங் பிட் போட்டா பிட் மூடுற தேதிக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க. பேஸ் கோடு மாறி விழுந்துட்டா இடம் ஒதுக்கினப்புறம் திருப்பித் தர முடியாது.