பெரிய வீட்டுக் குழு: ஷீட்டைக் கழற்றும் முன்

முருகன் (காலை 6:48)
எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டி வீட்டுப் பின்கட்டு வேலை ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம். தானே புயலில் பலாமரம் விழுந்து ஓடு நொறுங்கியபோது அப்பா அவசரத்துக்குப் போட்ட 22 ஷீட்டும் இறங்குகிறது. கட்டிங் மெஷினில் பாதிப் பாதியாக அறுத்து இறக்கிவிடலாம், உடைசலைப் புதுத் தரைக்கு அடியில் போட்டால் ஒரு வண்டி மண் மிச்சம் என்கிறார் கொத்தனார்.

சுமதி (7:05)
அண்ணா, முதலில் அவருக்கு போன் போட்டு மெஷினைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரைச் சிமெண்டில் கலந்து செய்தது, சுமார் பத்தில் ஒரு பங்கு நார். கூரையில் உடையாமல் கிடக்கிற வரை சிமெண்ட் அதைப் பிடித்து வைத்திருக்கும். மெஷின் வைத்தால் தூசியாகக் கிளம்பி, கண்ணுக்கே தெரியாத நார் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும், லேசில் கரையாது.

முருகன் (7:09)
இத்தனை வருஷமாக அதன் கீழேதானே படுத்தோம், சாப்பிட்டோம். அம்மா வடகம் காயப்போட்டதே அதன் மேல்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

சுமதி (7:21)
ஆகாமல் இருக்கட்டும் அண்ணா. ஆனால் இது இன்று தூசி பட்டு நாளை இருமுகிற விஷயம் இல்லை. நோய் வெளியே தெரியவே பெரும்பாலும் 20 முதல் 40 வருஷம் ஆகும். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது, நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய். கூரைக்குக் கீழே குடியிருந்த நமக்கு ஆபத்து குறைவுதான். அறுக்கிற கொத்தனாருக்கும், கீழே துடைப்பம் போட்டுப் பெருக்குகிற சித்தாளுக்கும்தான் அதிகம். அந்த அம்மா ஊரில் எத்தனை வீட்டில் இப்படிப் பெருக்கியிருப்பார், யோசித்துப் பாருங்கள்.

வனிதா அண்ணி (7:30)
இவ்வளவு கெடுதல் என்றால் கடையில் எப்படி விற்கிறார்கள் சுமதி? போன வாரம்கூட லாரியில் புதுசு வந்து இறங்கியதே.

சுமதி (7:38)
அதுதான் அண்ணி எனக்கும் ஆற்றாமை. நம் நாட்டில் வெட்டி எடுப்பதை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வாங்கி ஷீட் செய்கிறார்கள். ஷீட்டில் கலக்கிற வெள்ளைக் கல்நாருக்கு இங்கே தடை இல்லை. பிரிட்டன் 1999-லேயே தடை செய்துவிட்டது, அமெரிக்கா 2024-ல். எந்த வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

கார்த்திக் (7:44)
சித்தி சொல்வது சரி. இங்கே மெல்போர்னில் 2003 கடைசியோடு முழுத் தடை. ஆனாலும் பழைய வீடுகளில் இன்னும் நிறைய இருக்கிறது, அதனால் 1990-க்கு முன் கட்டிய வீடு என்றால் குளியலறைச் சுவரில் ஒரு துளை போடுவதற்கு முன்பே கல்நார் பலகையா என்று விசாரிப்போம். பார்த்து மட்டும் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி. தெரியாவிட்டால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது.

ராஜேந்திரன் மாமா (8:02)
சுமதி, நாமக்கல்லில் நான் பட்டறையில் இருந்தபோது பிரேக் லைனிங்கில் இதுதான் இருக்கும் என்பார்களே. டிரம்மைக் கழற்றிக் காற்று அடித்தால் கறுப்புத் தூள் முகமெல்லாம் அப்பும். வாயில் துண்டைக்கூடக் கட்டியதில்லை. 18 வருஷம்.

கலா அத்தை (8:06)
அந்தக் காக்கிச் சட்டையை நான்தான் துவைப்பேன். தண்ணீரில் போடுவதற்கு முன் திண்ணையில் நான்கு உதறு உதறுவேன், தூள் அப்படிக் கொட்டும். பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடும்.

சுமதி (8:15)
பதறாதீர்கள் அத்தை. பட்டவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எவ்வளவு தூசி, எத்தனை வருஷம் என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து கூடும். மாமா, ஒருமுறை நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். இருமல் என்று மட்டும் சொல்லாமல், 18 வருஷம் பிரேக் வேலை பார்த்தேன் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவர்கள் கேட்காமலும் போகலாம். எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் செய்வார்கள். அத்தையும் கூடவே போய்ச் சட்டை துவைத்ததைச் சொல்லுங்கள். அப்புறம் மாமா, பீடி. கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள்.

முருகன் (8:31)
சரிம்மா, அப்படியானால் எப்படித்தான் கழற்றுவது? மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.

சுமதி (8:52)
வேலை இடத்தில் நாங்கள் செய்கிற மாதிரியே சொல்கிறேன். முந்தின நாளே பாத்திரம், பாய், துணி எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள், குழந்தைகள் அத்தை வீட்டுக்குப் போகட்டும். காலையில் ஷீட்டை நன்றாக நனையுங்கள், வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கலந்தால் நன்றாக ஊறும். பீய்ச்சி அடிக்கக் கூடாது, பூந்தூறல் மாதிரி விழ வேண்டும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. போல்ட் துருப்பிடித்திருந்தால் போல்ட்டை வெட்டுங்கள், ஷீட்டை உடைத்து உருவாதீர்கள். முழு ஷீட்டாகவே கயிறு கட்டி இரண்டு பேர் இறக்க வேண்டும், மேலே இருந்து போடக் கூடாது. ஷீட் மேல் நேராக யாரும் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். பழைய ஷீட் சட்டென்று உடைந்து ஆள் கீழே விழுவதும் சாகிற ஆபத்துதான்.

துணி மாஸ்க், நீல மாஸ்க் இதற்கு உதவாது. பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் மிக நுண்ணிய தூசியையும் தடுக்கிற பி100 வடிகட்டி மாட்டிய அரைமுக மாஸ்க் கிடைக்கும். தாடி இருந்தால் முகத்தில் ஒட்டாது, ஷேவ் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். முடிந்ததும் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் ஷீட்டோடு கட்டிவிட வேண்டும். சட்டையை அங்கேயே கழற்றித் தனியாக நனைத்துத் துவைக்க வேண்டும், உதறக் கூடாது.

வனிதா அண்ணி (8:58)
உடைசலை என்ன செய்ய? எதிர்வீட்டு அண்ணன் மாட்டுக்கொட்டகைக்கு நாலு நல்ல ஷீட் கேட்டார்.

சுமதி (9:04)
கொடுக்காதீர்கள் அண்ணி, அங்கேயும் வெட்டி ஆணி அடிப்பார்கள். தரைக்கு அடியிலும் வேண்டாம், நாளைக்குக் குழாய் பதிக்கத் தோண்டினால் திரும்பவும் தூசி. தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டி, கல்நார் உடைக்காதே என்று எழுதி ஓரமாக வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியில் நானே நேரில் கேட்டுவிட்டு வருகிறேன்.

முருகன் (10:20)
கொத்தனாரிடம் பேசினேன். கழற்றுகிற கூலி ஒரு நாள் கூடும் என்றார், சரி என்றுவிட்டேன். பெருக்குகிற அம்மாவை அன்றைக்கு வர வேண்டாம், கூலி கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாஸ்க் மூன்று பேருக்கு.

சுமதி (10:24)
நாலாக வாங்கி அனுப்புகிறேன் அண்ணா, நீங்களும் பக்கத்தில் போய் நிற்பீர்கள், எனக்குத் தெரியும். சனிக்கிழமை இரவு நானும் வந்துவிடுகிறேன்.

ராஜேந்திரன் மாமா (10:41)
வியாழக்கிழமை சேலத்தில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அத்தை டோக்கன் போட்டுவிட்டாள்.