மறு: கிரனீட்டாவுக்குத் தமிழ்ச்சொல்: பனிக்கூழா, பனிக்குருணையா?

> எலுமிச்சைக் கிரனீட்டாவை 'எலுமிச்சைப் பனிக்கூழ்' என்றே சொல்லிவிடலாம். ஐஸ்கிரீமுக்கு நல்ல சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

ஐயா, வணக்கம்.

இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. கூழ் என்றால் நாக்கு வழவழப்பை எதிர்பார்க்கும். இத்தாலியின் சிசிலித் தீவில் சாற்றை மணிமணியாக உறையவைத்துச் செய்யும் கிரனீட்டாவில் அது கிடையாது. வாயில் வைத்ததும் நறநறவென்று மணி உடையும், அப்புறம்தான் புளிப்பு பரவும். பாலும் இல்லை, முட்டையும் இல்லை. தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான்.

சிசிலிக்காரர்கள் வைத்த பெயரிலேயே மணி இருக்கிறது. இத்தாலியத்தில் 'கிரானோ' என்றால் தானியமணி. குளிர்பெட்டி வராத காலத்தில் அங்குள்ள எட்னா மலைப் பனியைக் குழிகளில் சேர்த்து மூடிவைத்து, கோடையில் கீழே கொண்டுவந்து பயன்படுத்தினார்கள். இன்றும் அங்கே கோடைக் காலைகளில் இனிப்புப் பன்னைப் பிய்த்து இதில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். கடைகளில் இயந்திரம் கடைவதால் மணி நைசாகிவிடும்; வீட்டில் செய்வதில்தான் அது பல்லில் தெரியும்.

நேற்று மறுபடி செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அரை லிட்டர் தண்ணீரில் 130 கிராம் சர்க்கரையைச் சூடாக்கிக் கரைத்து, நன்றாக ஆறவிட்டு, 125 மில்லி சாறு சேர்த்தேன். சூட்டோடு பிழிந்தால் மணம் போய்விடும். அகலத் தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி உறைபெட்டியில் வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஓரம் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது, நடுவில் இன்னும் தண்ணீர். முள்கரண்டியால் ஓரத்தைக் கீறி நடுவுக்குத் தள்ளினேன். அரை மணிக்கொரு தடவை இதே வேலை. மூன்று மணி நேரத்தில் தட்டு முழுக்க ஈர ரவை மாதிரி உதிரி உதிரியாக நின்றது.

உறையும்போது தண்ணீர்தான் படிகமாகிறது. சர்க்கரை மிச்ச நீரில் செறிந்துகொண்டே போய் அதை உறையவிடாமல் தடுக்கிறது. மணிகளுக்கு நடுவே அந்தப் பாகு நிற்பதால்தான் கரண்டி இறங்குகிறது. போன வாரம் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன், பாறையாக இறுகிவிட்டது.

அதனால்தான் பனிக்குருணை என்கிறேன்.

> குருணை கோழிக்குப் போடுவது. உரக்கடையிலும் 'குருணை மருந்து' என்கிறார்கள். தின்பண்டத்துக்குப் பொருந்துமா அண்ணா?

பொருந்தும் தம்பி. குருணையில் கஞ்சியும் உப்புமாவும் செய்து நாம்தானே சாப்பிடுகிறோம்? பொடியும் இல்லாமல் கட்டியும் இல்லாமல் நடுவில் நிற்கும் பருவத்துக்கு இதைவிடத் துல்லியமான சொல் நம்மிடம் இல்லை. உரக்கடைக்காரரும் அந்தப் பருவத்தைச் சொல்லத்தான் இதை எடுத்தார்.

'பனித்துருவல்' என்ற யோசனை எனக்கும் பிடித்தது. ஆனால் துருவ வேண்டுமென்றால் முதலில் கட்டி வேண்டும். ஐஸ் கட்டியைச் சீவி மேலே சாயப்பாகு ஊற்றித் தருகிறார்களே, அந்த ஐஸ் கோலாவுக்கு அதை வைத்துக்கொள்வோம். இங்கே கட்டியாகவே விடுவதில்லை.

பழச்சாற்றைச் சர்க்கரையோடு கடைந்து உறையவைக்கும் சோர்பே பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதுவும் நம் சர்பத்தும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. 'உறைசர்பத்' என்றால் நன்னாரி சர்பத் குடித்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

முள்கரண்டியால் கீறிவிடும் வேலைக்கு இப்போதைக்கு 'உதிர்த்தல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். புட்டு மாவைக் கட்டியில்லாமல் பிசிறும்போது உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? அந்த வினை கிடைத்தால் அதையே இதற்கும் எடுத்துக்கொள்ளலாம்.