கூரையில் எறிந்த கடைவாய்ப்பல்: பிள்ளைகளின் பல் பற்றி ஊரிலும் டவுனிலும் நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

வேளச்சேரி அப்பா

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததிலிருந்து மனசில் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன். என் மகளுக்கும் தங்கச்சி மகளுக்கும் ஒரே வயது, எட்டு. தங்கச்சி இருப்பது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். போன வருடம் ரெண்டு பிள்ளைகளுக்கும் கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை. என் மகளை இங்கே குழந்தைகள் பல் டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்து, சொத்தையைச் சுரண்டி அடைத்து, பக்கத்துப் பால்பல்லுக்கு ஸ்டீல் கேப் போட்டார். மூன்று தடவை போனோம், 9,000 ரூபாய் ஆனது.

தங்கச்சி மகள் ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து டவுனில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனாள் தங்கச்சி. எக்ஸ்ரே எல்லாம் கிடையாது. “சின்னப் பிள்ளைதானே, முளைச்சிரும்” என்று சொல்லிப் பிடுங்கிவிட்டார்கள். 300 ரூபாய்.

பொங்கலன்று அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப்போனாள். ஓட்டுக்கூரையைக் காட்டி, “மாமா, சாணியில உருட்டி இங்கதான் எறிஞ்சேன். உருண்டு கீழ விழுந்துட்டு. அதான் முளைக்க மாட்டேங்குதோ?” என்றாள். வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் லைட் அடித்துப் பார்த்தேன். முன்பல்லின் நடுவிலிருந்து விரலால் எண்ணினேன். ஐந்து வரை பல் இருக்கிறது. ஆறாவது இடம் காலி.

அது பால்பல்லே இல்லை. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமல், பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற நிரந்தரப் பல். என் மகளுக்கு அதே பல்லைத்தான் அடைத்துக் காப்பாற்றினார்கள், அதனால் எனக்குத் தெரியும். பிள்ளையிடம் என்னால் சொல்ல முடியவில்லை. “பார்க்கலாம்டா” என்று மட்டும் சொன்னேன். தங்கச்சிக்கும் இன்னும் சொல்லவில்லை.

காரிமங்கலத்துக்காரி

அண்ணா, படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. எங்கள் தர்மபுரி பக்கம் சொத்தையைவிடக் கறைதான் பெரிய பாடு. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்பார்கள், எங்கள் பக்கம் எத்தனையோ போர்களில் அதற்கும் மேலே. என் மகன் 2005-இல் பிறந்தவன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்குள் அவனுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஏறுகிற கறை அது, முளைத்த பிறகு எத்தனை தேய்த்தாலும் போகாது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே பல். அதனால் அவனுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஆறாம் வகுப்புக்குக் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்த்தோம். அங்கே ஒரு பல் முகாம். வரிசையில் பத்துப் பிள்ளைகள் நிற்கும்போது, வந்த டாக்டர் “பல்லே விளக்க மாட்டியா?” என்று கேட்டுவிட்டார். நகரத்தில் படித்தவருக்கு எங்கள் தண்ணீர் தெரியவில்லை. அன்று ராத்திரி இவன் பாத்ரூமில் நின்று தேய்த்திருக்கிறான், தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். வார்டன் பார்த்தபோது வாஷ்பேசின் முழுக்க ரத்தம். போனில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு பல் கூட அவனுக்குச் சொத்தை கிடையாது. ஆனால் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறான்.

ஆலமரத்தடி

மேலே எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்னமோ பல்லே இல்லாதது போலப் பேசுகிறோம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் தாத்தா எழுபது வயதில் பொங்கல் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்பார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இப்போது நான் இருக்கும் அபார்ட்மெண்டில் மூன்று வயதுப் பையன், மேல்பல் நான்கும் கறுத்து அடிக்கட்டை மாதிரி நிற்கிறது. ராத்திரி பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கப் பழக்கியிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் கேடு அதிகம்.

அங்கன்வாடி டீச்சர்

ஆலமரத்தடி ஐயா, உங்கள் தாத்தா காலத்தில் எங்கள் சென்டர் வாசலில் பெட்டிக்கடை இருந்திருக்காது. இன்று அங்கே சரம் சரமாக ஐந்து ரூபாய் பாக்கெட் தொங்குகிறது. காலையில் வேலைக்கு ஓடுகிற அம்மா, அழாமல் இருக்கட்டும் என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். என்னிடம் வருகிற பதினெட்டுப் பிள்ளைகளில் வேப்பங்குச்சியால் பல் விளக்குகிறவர் ஒருவரும் இல்லை. பிரஷ் இல்லாத பிள்ளைகள் உண்டு. அக்காவும் தம்பியும் ஒரே பிரஷ் வைத்திருக்கிற வீடும் உண்டு. நீங்கள் சொல்கிற பால்புட்டிப் பல் என் சென்டரிலும் மூன்று பிள்ளைகளுக்கு இருக்கிறது. சர்க்கரை ஊருக்குள் வந்து ரொம்ப நாளாகிவிட்டது ஐயா, பல் டாக்டர்தான் இன்னும் வரவில்லை.

எனக்கு மறக்காதது ஒரு சீட்டு. பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் வண்டி எங்களிடம் வருடத்துக்கு இரண்டு தடவை வரும். வந்தவர்கள் ஒரு பையனுக்கு ஐந்து பல் சொத்தை என்று எழுதி, ஜி.எச். போகச் சீட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வண்டி மறுபடி வந்தது. பையனின் பையைத் திறந்தால் அதே சீட்டு, நாலாக மடித்தது, மஞ்சள் கறையோடு. நான் அவன் அம்மாவைக் கோபித்துக்கொண்டேன். “டீச்சர், ஒரு நாள் போனா நூறு நாள் வேலைச் சம்பளம் போகுது, பஸ்ஸுக்கு ரெண்டு பேருக்குக் காசு. போய் உக்காந்தா அன்னிக்குப் பல் டாக்டர் லீவுன்னாங்க. ரெண்டாவது தடவை எப்படிப் போவேன்?” என்றாள். அவள் போயிருக்கிறாள். நான்தான் கேட்காமல் கோபித்துவிட்டேன்.

பல்லாவரம் பிரியா

என் அனுபவம் சின்னதுதான். பையனுக்கு ஒன்பது வயது, லீவுக்கு அரியலூர் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போனபோது கிணற்றுப் படியில் விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டது. பெரியவர்கள் பல்லை மண் போகத் தேய்த்துக் கழுவி, பேப்பரில் மடித்துக் கொடுத்தார்கள். தஞ்சாவூர் போய்ச் சேர மூன்று மணி நேரம். ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். வேரோடு விழுந்தது நிரந்தரப் பல் என்றால் வேர்ப்பகுதியைத் தொடவே கூடாது, மேல்பக்கமாகப் பிடியுங்கள். தேய்க்காமல் லேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லிக் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போடுங்கள். பால் இல்லாத கிராமம் எது? அரை மணி நேரத்துக்குள் டாக்டர் கையில் போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு, நேரம் ஆக ஆகக் குறையும். காயப்போட்டால் போச்சு. பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, கீழே இருக்கும் புதுப்பல்லுக்குக் கேடு.

அப்புறம் பேஸ்ட். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நிறைய வைக்காதீர்கள். மூன்று வயது வரை அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. காரிமங்கலம் அக்கா மாதிரி ஃப்ளோரைடு தண்ணீர் ஊர்க்காரர்கள் எந்தப் பேஸ்ட் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஏழெட்டு வயது வரை ராத்திரி நீங்களே தேய்த்துவிடுங்கள். ஆறு வயதானதும் கடைவாயின் கோடியில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறதா என்று லைட் அடித்துப் பாருங்கள், அதன் பள்ளங்களைச் சொத்தை வருமுன்பே மூடிவிட வழி இருக்கிறது.

சாத்தூர் சந்தை

பிரியா அவர்கள் இவ்வளவு சொன்ன பிறகு என் கதையைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 1994, எனக்கு ஆறு வயது. கன்னம் வீங்கிப்போனது. சந்தைக்கு வந்த ஒருவர் கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, புகையைப் பப்பாளிக் குழல் வழியாக வாய்க்குள் விட்டு, தண்ணீர்க் கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாய்க் காட்டி, “புழு போச்சு தாயி” என்றார். சொத்தைக்குப் புழு காரணமே இல்லை, இனிப்பைத் தின்று அமிலம் விடுகிற கிருமிதான் என்று பெரியவனான பிறகுதான் படித்தேன். ஆனால் அந்தக் கிண்ணத்தைப் பார்த்த நிமிடம் எங்கள் அம்மா முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே! மடியிலிருந்த இருபது ரூபாயை அப்படியே எடுத்துக் கொடுத்தார். நாலாம் நாள் காய்ச்சலோடு மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

காரிமங்கலத்துக்காரி

பிரியா, பேஸ்ட் விஷயத்துக்கு நன்றி. எனக்கு ஒன்று கேட்க வேண்டும், பல் மேல் ஒட்டுப் பூச்சு போட்டால் கறை தெரியாது என்கிறார்கள். பையன் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

வேளச்சேரி அப்பா

எல்லாவற்றையும் படித்தேன். நேற்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “நான் அந்த டாக்டர்ட்ட ரெண்டு தடவ கேட்டேண்ணே, திரும்ப முளைக்கும்லன்னு” என்றாள்.

முழுப்பரீட்சை லீவில் இருவரையும் சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பாரிமுனைப் பக்கம் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டப்போகிறோம். என் மகளின் டாக்டரிடமும் விசாரித்தேன். எட்டு, ஒன்பது வயதில் அந்தப் பல் போனால், பின்னால் பன்னிரண்டு வயதில் வர வேண்டிய பல் நகர்ந்து வந்து அந்த இடத்தை அடைக்க வாய்ப்பு உண்டாம். எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

தங்கச்சி மகள் போனை வாங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “மாமா, அப்ப கூரையில மறுபடி எறிய வேண்டாம்ல?” கீழே விழுந்த பல்லை அவள் எடுத்து வைத்திருக்கிறாள். ஜாமெட்ரி பாக்ஸில்.