சின்ன எல்இடி டார்ச்ல வெளிச்சம் திட்டுத்திட்டா விழுது, சமமா பரப்ப வழி இருக்கா?

ராக்கோழி:
விரல் நீளத்துல ஒரு குட்டி டார்ச் வச்சிருக்கேன், ஒரே பேட்டரி, முன்னாடி குண்டு லென்ஸ், தலையை இழுத்தா ஃபோகஸ் மாறும். தூரத்துல அடிக்கறப்ப ஒண்ணும் குறை தெரியல, ஆனா நான் யூஸ் பண்றது பூரா கைக்கெட்டற தூரத்துலதான், ராத்திரி படுத்துகிட்டே படிக்க, இல்ல கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள விழுந்த ஸ்க்ரூவைத் தேட. அப்படி கிட்ட வச்சா நடுவுல சதுரமா கண்ணு கூசற மாதிரி ஒரு வெளிச்சம், அதுக்குள்ள மெல்லிசா கோடு கோடா என்னமோ தெரியுது, தலையை உள்ள தள்ளினா வட்டமாகுது ஆனா ஓரத்துல மஞ்சளா ஒரு வளையம். லென்ஸைத் தேய்ச்சு மங்கலாக்கிடலாம்னு உப்புத்தாள் வரைக்கும் எடுத்துட்டேன், அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடலாமேன்னு.

பழைய_பல்பு:
மொதல்ல உப்புத்தாளைக் கீழ வைங்க ப்ரோ, தேய்ச்சது தேய்ச்சதுதான், திரும்ப வராது.
அந்த சதுரம் வேற ஒண்ணும் இல்ல, எல்இடி சிப்போட உருவமேதான். உங்க லென்ஸ் ப்ரொஜெக்டர் மாதிரி அதைப் பெருசாக்கி சுவத்துல காட்டுது, கோடெல்லாம் சிப் மேல ஓடற மெல்லிசான கம்பி. மஞ்சள் வளையத்துக்குக் காரணம் வேற. வெள்ளை எல்இடின்னு சொல்றோமே தவிர உள்ள இருக்கறது நீல சிப், அதுமேல மஞ்சளா பாஸ்பர்னு ஒரு பூச்சு, ரெண்டும் கலந்துதான் நம்ம கண்ணுக்கு வெள்ளை. நேரா வர்ற வெளிச்சத்தைவிட சாய்வா வர்றது அந்தப் பூச்சுக்குள்ள அதிக தூரம் போகுதா, அதான் அது கொஞ்சம் கூட மஞ்சளா வருது. ஆக லென்ஸ் மேல ஏதாவது மங்கலா ஒட்டி எல்லாத்தையும் கலந்து விட்டாலே சதுரம், கோடு, வளையம் மூணும் சேர்ந்து போயிடும்.

திருப்புளி:
மேல சொன்னது கரெக்ட். பளபளன்னு இருக்கற சாதா செல்லோ டேப் வேலைக்கு ஆகாது, மேல பென்சில்ல எழுத முடியற மாதிரி மங்கலா ஒரு டேப் வரும் பாருங்க, மேஜிக் டேப்புன்னு சொல்வாங்க, அதுல ஒரு துண்டு லென்ஸ் மேல ஒட்டி ஓரத்தை நகத்தால அழுத்தி விட்டு ப்ளேடால சுத்தி அறுத்துடுங்க. ஒரு லேயர் பத்தலன்னா இன்னொண்ணு. ரெண்டே நிமிஷ வேலை, பிடிக்கலன்னா உரிச்சுப் போட்டுடலாம். ஆனா ஒண்ணு, எதை வச்சாலும் தூரம் அடிக்காது, அதே வெளிச்சம்தான் அகலமா பரவுது, கொஞ்சம் திரும்ப உள்ளேயே போய் வீணாவும் போகும்.

கரும்பூனை:
டேப் ஒட்டி பாக்கெட்டுல போட்டுப் பாருங்க, ஒரே வாரத்துல ஓரமெல்லாம் பஞ்சும் அழுக்கும் ஒட்டி அசிங்கமாயிடும், சூடாச்சுன்னா பசை வேற கசியும். நான் பண்றது என்னன்னா, பாதி தெரியற மாதிரி பால் நிறத்துல ப்ளாஸ்டிக் ஃபைல் கவர் இருக்குல்ல, அதுல லென்ஸ் அளவுக்கு வட்டமா வெட்டி முன்னாடி இருக்கற மூடியைக் கழட்டி லென்ஸுக்கும் மூடிக்கும் நடுவுல வச்சு முறுக்கிடுவேன். ட்ரேசிங் பேப்பரும் போட்டுப் பார்த்தேன், வெளிச்சம் நல்லா மெத்துன்னு வருது, ஆனா நனைஞ்சா போச்சு.
திறக்கும்போது எல்இடி மேல விரல் வச்சு அழுத்தாதீங்க, மேல இருக்கற குமிழி மெத்துன்னு சிலிக்கான், அழுத்தினா உள்ள கம்பி அறுந்து லைட்டே போயிடும். லென்ஸ் இல்லாம கண்ணாடி மாதிரி கிண்ணம் வச்ச டார்ச்சா இருந்தா கிண்ணத்தையும் தொடக் கூடாது. தூசியா இருக்கேன்னு துணியால துடைச்சேன் ஒரு தடவ, அந்தப் பளபளப்பு அப்படியே துணியோட வந்துடுச்சு 😑

பழைய_பல்பு:
உப்புத்தாள் ஆசை விடலன்னா பழைய 5 மி.மீ. எல்இடில காட்டுங்க, மண்டையை லேசா தேய்ச்சா அதுவே டிஃப்யூசர், அதாவது வெளிச்சத்தைப் பரப்பி விடற மூடி மாதிரி ஆயிடும். அது போனா போகுது.

ராக்கோழி:
ஃபைல் கவர்தான் போட்டேன். மூடி முழுசா முறுகல, கவர் கொஞ்சம் தடிமன் போல, ஆனாலும் ஆடாம நிக்குது. சதுரமும் இல்ல, மஞ்சளும் இல்ல, பக்கம் முழுக்க ஒரே மாதிரி வெள்ளையா இருக்கு. எதிர் சுவர் வரைக்கும்கூட இப்ப போக மாட்டேங்குது, படி இறங்க வேற டார்ச் தேடணும். பரவால்ல.